ஹெல்பர் சொன்னது பயனரிடம் வந்து சேரவில்லை: லிப்வர்ட், கியூஎமு பிழைச் செய்திகள்

குமிழ்விளக்கு எழுதியது:

வணக்கம். மெய்நிகர் கணினிகளை (விஎம்) இயக்கும் கியூஎமு, அதை நிர்வகிக்கும் லிப்வர்ட், இவற்றின் மேல் அமர்ந்து வேலை செய்யும் ஒரு சின்னக் கருவியைப் பராமரித்து வருகிறோம். எங்களுக்கு வரும் புகார்களில் நிறைய, எங்கள் நிரலிலோ கியூஎமுவிலோ இருக்கும் கோளாறு கிடையாது. விஎம் கிளம்பும்போது கூடவே கிளம்பும் துணைப் பிராசஸ் (ஹெல்பர்) ஏதோ ஒன்று விழுந்திருக்கும். ஏன் விழுந்தது என்று அதற்குத் தெரியும், சொல்லியும் இருக்கும். அது பயனரிடம் வந்து சேருவதில்லை. இதை எப்படிச் சரி செய்யலாம் என்று பேசத்தான் இந்த இழை.

ஓர் உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். ரூட் இல்லாத செஷன் இணைப்பில் ஒரு விஎம்மை விர்பிஆர்0 என்ற பிரிட்ஜில் (விஎம்களை நெட்வொர்க்கில் இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) மாட்டுகிறீர்கள். சாதாரணப் பயனருக்கு டேப் என்ற மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்தை உருவாக்க உரிமை கிடையாது. அதனால் செட்யூஐடி உரிமையோடு (யார் ஓட்டினாலும் ரூட்டாக ஓடும்) இருக்கும் கியூஎமு-பிரிட்ஜ்-ஹெல்பரை லிப்வர்ட் கூப்பிடுகிறது. ஒரு சாக்கெட் ஜோடியை (இரண்டு பிராசஸ்கள் பேசிக்கொள்ளும் குழாய்) உருவாக்கி, ஒரு முனையை ஹெல்பரிடம் கொடுக்கிறது. ஹெல்பர் டேப்பை உருவாக்கி, பிரிட்ஜில் சேர்த்து, அதன் எஃப்டியை (திறந்த சாதனத்தைக் குறிக்கும் எண்) அந்தச் சாக்கெட் வழியே திருப்பி அனுப்ப வேண்டும். எந்தப் பிரிட்ஜைத் தொடலாம் என்ற அனுமதிப் பட்டியல் பிரிட்ஜ்.கான்ஃப் என்ற கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பே இல்லையென்றால் ஹெல்பர், "அனுமதிப் பட்டியலைப் படிக்க முடியவில்லை" என்று கோப்பின் பெயரோடு எஸ்டிடிஎரில் (பிழைச் செய்திகளுக்கான வெளியீட்டில்) எழுதிவிட்டு வெளியேறிவிடும்.

பழைய லிப்வர்டில் இதற்குப் பயனர் பார்த்த செய்தி: "டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்". கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்ப்பவர் என்ன செய்வார்? ஃபயர்வாலை நிறுத்திப் பார்ப்பார், பிரிட்ஜை அழித்து மறுபடி உருவாக்குவார், ஒரு நாள் போய்விடும். இத்தனைக்கும் அந்தப் பிழை எண் கர்னல் கொடுத்ததே இல்லை. எஃப்டியை வாங்கும், க்னூலிப் என்ற நிரல் நூலகத்தின் ஃபங்ஷன், மறுமுனை மூடிக்கொண்டு பூஜ்ஜியம் பைட் வந்தால், "இணைக்கப்படவில்லை" என்ற எண்ணைத் தானாகவே எர்நோவில் (பிழை எண் வைக்கும் இடத்தில்) போட்டுவிடும். ஹெல்பர் செத்துவிட்டது என்ற ஒரே உண்மை, கைமாறிக் கைமாறி, நெட்வொர்க் பிழை போல வந்து நிற்கிறது.

பிற்பாடு லிப்வர்டில் இதைத் திருத்தினார்கள். இப்போது பிரிட்ஜ் ஹெல்பரோடு பேச முடியவில்லை என்பதோடு ஹெல்பரின் எஸ்டிடிஎர் வரியும் சேர்ந்து வருகிறது. பிரிட்ஜ்.கான்ஃபின் பெயர் கண்ணில் படுகிறது. அதில் "அலோ விர்பிஆர்0" என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

என் கருத்து இதுதான். சாக்கெட்டில் பிழை வந்த உடனே அதையே காரணமாக அறிவிக்கக் கூடாது. முதலில் ஹெல்பர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதன் எக்ஸிட் நிலையை (முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணை) வாங்கி, எஸ்டிடிஎரைக் கடைசிவரை படித்து, அதை முன்னால் வைக்க வேண்டும். சாக்கெட்டின் எர்நோ பின்னால் வரட்டும். இதை ஹெல்பருக்கு ஹெல்பர் தனித்தனியாக எழுதாமல், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் எழுத வேண்டும். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

---

தாழ்வாரம் எழுதியது:

டிபிஎம்மையும் (கணினியின் பாதுகாப்புச் சிப்) சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும் என்றான பிறகு எஸ்டபிள்யூடிபிஎம் (விஎம்முக்கு மென்பொருள் டிபிஎம் தரும் ஹெல்பர்) என்ற பெயரையே கேட்டிராதவர்கள் எல்லாம் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். வரும் செய்தி: எஸ்டபிள்யூடிபிஎம்-செட்டப்பை இயக்க முடியவில்லை, எக்ஸிட் நிலை 1, விவரத்துக்கு இந்த லாக் கோப்பைப் பார். அந்த லாக் இருக்கும் அடைவைச் சாதாரணப் பயனரால் திறக்க முடியாது. விர்ட்-மேனேஜர் என்ற வரைகலைக் கருவியில் விஎம் உருவாக்கும் உரிமை உள்ளவருக்கெல்லாம் சுடோ (ரூட்டாக ஓட்டும் உரிமை) இருக்கும் என்று எப்படி நினைக்கலாம்?

ரூட்டாகப் போய்த் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது உரிமைச் சிக்கல்தான். சான்றிதழ் வைக்கும் அடைவு ரூட் பெயரில் இருக்கும், செட்டப் ஓடுவதோ டிஎஸ்எஸ் என்ற தனிப் பயனராக. ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

---

கரிசல்பைட் எழுதியது:

குமிழ்விளக்கு சொல்வது சரி. ஆனால் "எஸ்டிடிஎரைக் கடைசிவரை படி" என்பது எழுதுவது போல அவ்வளவு சுலபமில்லை. ஹெல்பர் எப்படிப் பின்னணிக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாஸ்ட் கதை இதற்கு நல்ல பாடம். ரூட் இல்லாத விஎம்முக்கு நெட்வொர்க் கொடுக்கும் பாஸ்டுக்கான ஆதரவு லிப்வர்ட் 9.0.0இல், 2023 ஜனவரியில் வந்தது. முதலில் ஸ்லிர்ப்-ஹெல்பர் என்ற இன்னொரு நெட்வொர்க் ஹெல்பரைக் கிளப்பிய அதே முறையில் பாஸ்டையும் கிளப்பினார்கள்: லிப்வர்டே அதை டீமனாக்கி (பின்னணிக்கு அனுப்பி), பிஐடியை (பிராசஸ் எண்ணை) கோப்பில் எழுதிக்கொள்ளும். டீமன் ஆன பிறகுதான் பாஸ்ட் தன் ஆர்கியுமென்ட்களையே படிக்கத் தொடங்கும். அதில் ஒன்று தப்பு என்றால் சத்தமில்லாமல் வெளியேறும். லிப்வர்டைப் பொறுத்தவரை ஹெல்பர் நல்லபடியாகக் கிளம்பிவிட்டது. சில நேரம் விஎம் எழுந்து நிற்கும், நெட்வொர்க் கொடுக்க பாஸ்ட் இருக்காது.

திருத்தம் என்னவென்றால், டிஎன்எஸ்மாஸ்கை (விஎம் நெட்வொர்க்குக்கு டிஎன்எஸ், முகவரி கொடுக்கும் ஹெல்பர்) எப்படிக் கிளப்புகிறார்களோ அப்படியே இதையும் கிளப்புவது. சாதாரணமாக எக்ஸெக் செய்து (நிரலை ஓட விட்டு), அந்தப் பிராசஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டும். பாஸ்ட் ஆர்கியுமென்ட்களைப் படித்து, சாக்கெட்டைத் திறந்து, எல்லாம் தயாரான பிறகே தானாக ஃபோர்க் ஆகி, தன் நகலாகப் பின்னணிக்குப் போகும். முன்னால் நிற்கும் பிராசஸ் பூஜ்ஜியத்தோடு முடிந்தால் ஹெல்பர் தயார். வேறு எண் வந்தால் எஸ்டிடிஎரில் காரணம் இருக்கும், அதை அப்படியே "பாஸ்டைத் தொடங்க முடியவில்லை" என்பதன் பின்னால் ஒட்டிவிடலாம்.

அப்படியும் ஓர் ஓட்டை மிஞ்சியது. அப்போது பாஸ்டில் லாக்கைக் கோப்பில் எழுதும் விருப்பத்தையும் எஸ்டிடிஎரில் எழுதும் விருப்பத்தையும் ஒன்றாகக் கொடுக்க முடியாது. பயனர் விஎம்மின் அமைப்பு எக்ஸ்எம்எல்லில் லாக் கோப்பு கேட்டிருந்தால், பிழைச் செய்தி மெலிந்துவிடும். அதாவது கூடுதல் விவரம் கேட்டவருக்குக் குறைவான விவரம்.

ஆகவே மேலாளரில் ஒரு பொது ஃபங்ஷன் எழுதினால் பாதிதான் தீரும். ஹெல்பர் எழுதுபவர்களும் ஒரு பழக்கத்துக்கு வர வேண்டும்: தயாராகும்வரை முன்னணியில் இரு, தயாராகாவிட்டால் எஸ்டிடிஎரில் சொல், பூஜ்ஜியம் அல்லாத எண்ணோடு போ.

---

எக்ஸிட்127 எழுதியது:

டிஎன்எஸ்மாஸ்க் பேச்சு வந்ததால் ஒன்று. அதன் கையேட்டில் எக்ஸிட் எண்களுக்கு அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். 1 என்றால் அமைப்புக் கோப்பில் தப்பு, 2 என்றால் நெட்வொர்க் முகவரிச் சிக்கல், 3 கோப்பு முறைமை, 4 நினைவகம். விர்பிஆர்0 முகவரியை வேறொரு டிஎன்எஸ் சர்வர் ஏற்கெனவே பிடித்திருந்தால், டிஎன்எஸ்மாஸ்க் எக்ஸிட் நிலை 2 என்றும், 192.168.122.1இல் கேட்கும் சாக்கெட்டை உருவாக்க முடியவில்லை, முகவரி பயன்பாட்டில் உள்ளது என்றும் லிப்வர்ட் சொல்லும். லிப்வர்ட் உலகில் நான் பார்த்த நல்ல பிழைச் செய்திகளில் இது ஒன்று. ஃபோர்க் ஆன பிறகு வரும் தவறைக்கூட டிஎன்எஸ்மாஸ்க் ஒரு பைப் வழியே தன் தாய்ப் பிராசஸுக்கு அனுப்பி, அங்கிருந்து சொல்லும்.

எல்லா ஹெல்பருக்கும் இப்படி எண் வைத்தால் என்ன? உரையை வைத்து நிரல் எதையும் முடிவு செய்ய முடியாது. எண்ணை வைத்து எங்கள் வலைப் பக்கத்தில் "இதைச் செய்து பாருங்கள்" என்று உதவியே காட்டலாம்.

---

நிழல்நிரல் எழுதியது:

எண் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. கியூஎமு இந்த வழியில் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கியூஎம்பியில் (கியூஎமுவோடு நிரல்கள் பேசும் நெறிமுறை) தொடக்கத்தில் ஒவ்வொரு பிழைக்கும் தனி வகை, தனித் தகவல் என்று வைத்திருந்தார்கள். பட்டியல் வளர்ந்துகொண்டே போனது, யாரும் அதைச் சரியாகப் பராமரிக்கவும் இல்லை, எதிர்முனையில் பயன்படுத்தவும் இல்லை. 2012இல் கியூஎமு 1.2 வந்தபோது அதைக் கைவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகள். மற்ற எல்லாமே ஜெனரிக்எரர் என்ற ஒரே பெயரும், மனிதர் படிக்க ஒரு வாக்கியமும்தான்.

ஒரு பிழைக்குத் தனி எண் வேண்டுமா என்பதற்கு என் அளவுகோல்: எதிர்முனையில் இருக்கும் நிரல் அந்த எண்ணைப் பார்த்து வேறு மாதிரி நடந்துகொள்ளப் போகிறதா? ஆம் என்றால் எண் கொடுங்கள். இல்லையென்றால் நல்ல வாக்கியம் போதும். "மறுபடி முயலலாம்", "பயனர்தான் அமைப்பை மாற்ற வேண்டும்" என்ற இரண்டைத் தவிர வேறு எந்தப் பிரிவையும் எந்த மேலாளரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

---

எக்ஸிட்127 எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். குறைந்தபட்சம் 126, 127 இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஹெல்பர் நிறுவப்படவே இல்லை என்பதும் (127), நிறுவியிருந்தும் எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் போன்ற பாதுகாப்புக் கட்டுப்பாடு இயக்க விடவில்லை என்பதும் (126) வேறு வேறு. எக்ஸெக் தோற்கும்போது லிப்வர்ட் இதைப் பிரித்துத்தான் வெளியேறுகிறது. அது மேலே போகும் வழியில் கரைந்துவிடக் கூடாது.

---

காவல்கோபுரம் எழுதியது:

எல்லோரும் எஸ்டிடிஎரை அப்படியே ஒட்டுவது பற்றிப் பேசுகிறீர்கள். கொஞ்சம் நிதானம் தேவை. ஹெல்பரைத் தனிப் பிராசஸாகப் பிரித்ததே அதை நம்ப முடியாது என்பதால்தான். விஎம் ஓடத் தொடங்கிய பிறகு ஹெல்பர் எழுதும் வரியில் விஎம்முக்குள் இருந்து வந்த பைட் கலந்திருக்கலாம். ஒரு கோப்பின் பெயரில் டெர்மினல் எஸ்கேப் எழுத்துகளை (திரையைக் கட்டுப்படுத்தும் கட்டளைகளை) வைத்தால், நிர்வாகி விர்ஷ் (லிப்வர்டின் கட்டளை வரிக் கருவி) ஓட்டும் திரையில் அது வேலை செய்யும்.

அளவும் பிரச்சினைதான். 2015இல் விர்ட்லாக்டி (விஎம்களின் லாக்கை எழுதும் லிப்வர்ட் டீமன்) வந்ததற்கே காரணம், கெட்ட எண்ணமுள்ள விஎம் ஒன்று கியூஎமுவை எஸ்டிடிஎரில் எழுத வைத்து எழுத வைத்து ஹோஸ்டின் வட்டை நிரப்பிவிடலாம் என்ற பயம். இயல்பமைப்பில் அது 2 எம்பி தாண்டினால் கோப்பைச் சுழற்றிவிடும் (புதுக் கோப்பு தொடங்கும்). ஹெல்பருக்கும் அதே ஒழுக்கம் வேண்டும். அச்சிடக்கூடாத எழுத்துகளை வடிகட்டுங்கள், நீளத்துக்கு வரம்பு வையுங்கள், எந்த வரி ஹெல்பர் சொன்னது, எது மேலாளர் சொன்னது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். ஹெல்பரின் வரி மேலாளரின் குரலில் வரவே கூடாது.

---

குமிழ்விளக்கு எழுதியது:

காவல்கோபுரம் சொன்ன மூன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நீள வரம்பு பற்றி மட்டும் ஒரு கேள்வி: எதை வைப்பது, எதை வெட்டுவது? கடைசி வரி போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்டபிள்யூடிபிஎம்-செட்டப்பைப் பாருங்கள். தோற்றாலும் அது எழுதும் கடைசி வரி, டிபிஎம் தயாரிப்பு இத்தனை மணிக்கு முடிந்தது என்பதுதான். அதற்கு முந்தைய வரி பொதுவாக "பிழை ஏற்பட்டது" என்று சொல்லும். உண்மையான காரணம் அதற்கும் மேலே இருக்கும். முதல் வரியோ தொடங்கிய நேரம். இரண்டு முனையும் பயனில்லை. அதனால் கடைசி சில வரிகளைச் சேர்த்தே காட்ட வேண்டும், முழுசும் எங்கே இருக்கிறது என்று பாதையும் கொடுக்க வேண்டும். தாழ்வாரம் சொன்னது போல, அந்தப் பாதையைத் திறக்க உரிமையில்லாதவருக்கும் அந்தச் சில வரிகள் கையில் கிடைத்துவிடும்.

---

புதுவிஎம் எழுதியது:

அண்ணா, இழைக்கு நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும், ஆனால் இதே விஷயம்தான் என்று நினைக்கிறேன். லிப்வர்ட் இல்லாமல் ஷெல் ஸ்கிரிப்டில் விர்ட்ஐஓஎஃப்எஸ்டியை (ஹோஸ்டின் அடைவை விஎம்மோடு பகிரும் ஹெல்பர்) கிளப்பி, கியூஎமுவை அதன் சாக்கெட்டோடு இணைக்கிறேன். கியூஎமு சொல்வது: "ஃபெயில்ட் டு ரீட் மெசேஜ் ஹெடர். ரீட் 0 இன்ஸ்டெட் ஆஃப் 12. ஒரிஜினல் ரிக்வெஸ்ட் 1". இந்த 12 எங்கே இருந்து வருகிறது? என் பகிர்வு அடைவில் ஏதாவது தப்பா?

---

குமிழ்விளக்கு எழுதியது:

தம்பி, நல்ல நேரத்தில் நல்ல உதாரணம் கொண்டு வந்தீர்கள். கியூஎமுவும் இந்த ஹெல்பரும் பேசிக்கொள்ளும் வீஹோஸ்ட்-யூசர் நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு தலைப்பு உண்டு: கோரிக்கை எண், கொடிகள், அளவு. ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 12. கோரிக்கை 1 என்பது "உன்னிடம் என்னென்ன வசதி இருக்கிறது" என்று கியூஎமு கேட்கும் ஆரம்பக் கேள்வி. 12 பைட் பதிலுக்குக் காத்திருந்தது, 0 வந்தது. அதாவது முதல் கேள்விக்கே பதில் சொல்ல ஆள் இல்லை. அடைவு, மவுண்ட் எதையும் இப்போது தொடாதீர்கள்.

இது நான் மேலே சொன்ன பிரிட்ஜ் ஹெல்பர் கதையேதான். கியூஎமு தன் பக்கம் பார்த்ததைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் ஹெல்பரைப் பெற்றது கியூஎமு இல்லை, உங்கள் ஸ்கிரிப்ட். அதன் எக்ஸிட் நிலை ஸ்கிரிப்டுக்குத்தான் தெரியும். உங்கள் ஸ்கிரிப்டில் விர்ட்ஐஓஎஃப்எஸ்டி வரியின் எஸ்டிடிஎர் எங்கே போகிறது?

---

புதுவிஎம் எழுதியது:

இணையத்தில் எடுத்த ஸ்கிரிப்ட் அண்ணா. டெவ்-நல்லுக்குப் போகிறது, அதாவது எழுதியதெல்லாம் தொலைந்துவிடும். அதை எடுத்துவிட்டு ஓட்டினேன், அப்போதும் ஒன்றும் எழுதவில்லை. வெயிட் போட்டு எக்ஸிட் நிலையைப் பார்த்தால் 159.

---

கரிசல்பைட் எழுதியது:

சிக்னலால் செத்த பிராசஸுக்கு ஷெல் 128ஓடு சிக்னல் எண்ணைக் கூட்டிச் சொல்லும். 159 என்பது 128 கூட்டல் 31. எக்ஸ்86இல் சிக்னல் 31 என்றால் தடை செய்யப்பட்ட சிஸ்டம் கால் (கர்னலிடம் நிரல் வைக்கும் கோரிக்கை). விர்ட்ஐஓஎஃப்எஸ்டி தன்னைத் தானே செக்காம்ப்புக்குள் (அனுமதித்த சிஸ்டம் கால்களை மட்டும் விடும் கர்னல் வடிகட்டி) அடைத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத சிஸ்டம் காலைத் தொட்டால் கர்னல் அந்த இடத்திலேயே கொன்றுவிடும். எஸ்டிடிஎரில் எழுத அதற்கு வாய்ப்பே கிடைக்காது. லிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் சி நூலகம்) புதிதாகவும் விர்ட்ஐஓஎஃப்எஸ்டி பழையதாகவும் இருந்தால் இப்படி நடக்கும். செக்காம்ப் விருப்பத்தில் "லாக்" என்று கொடுத்து ஒரு முறை ஓட்டுங்கள். கொல்லாமல், எந்த சிஸ்டம் கால் என்று கர்னல் லாக்கில் எழுதும். கண்டுபிடித்த பிறகு அதைப் பழையபடி மாற்றிவிடுங்கள், பாதுகாப்பில்லாமல் ஓட விடாதீர்கள்.

குமிழ்விளக்கு, உங்கள் பொது ஃபங்ஷனுக்கு இது முக்கியம். ஹெல்பர் எதுவுமே சொல்லாமல் சாகும் வகை இது. எஸ்டிடிஎர் காலி என்றால் "காரணம் தெரியவில்லை" என்று விட்டுவிடக் கூடாது. எந்தச் சிக்னல் என்று பெயரோடு சொல்ல வேண்டும். 31 என்றால் செக்காம்ப், 9 என்றால் நினைவகம் தீர்ந்து கர்னல் கொன்றிருக்கலாம், 11 என்றால் ஹெல்பரிலேயே பிழை. நிர்வாகி அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்பது மூன்றிலும் வேறு.

---

நிழல்நிரல் எழுதியது:

டீமனாகப் போன ஹெல்பருக்கு இந்தச் சிக்னலை யார் வாங்குவது? அது நம் பிள்ளைப் பிராசஸாக இல்லையே, பிள்ளையின் எக்ஸிட் நிலையை வாங்கும் வெயிட்பிஐடி வேலை செய்யாது. பிஐடி கோப்பை வைத்து உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும். அதுவும் எண் மறுபயன்பாடு ஆகிவிட்டால் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருப்போம். லினக்ஸ் 5.3இல் பிஐடிஎஃப்டி (எண்ணுக்குப் பதில் பிராசஸையே பிடித்துக்கொள்ளும் எஃப்டி) வந்த பிறகு அந்த ஒரு குழப்பம் தீர்ந்தது. எக்ஸிட் நிலை வேண்டுமென்றால், ஹெல்பரை முன்னணியிலேயே வைத்துப் பிள்ளையாக வளர்ப்பதுதான் வழி. இல்லாவிட்டால் சிஸ்டம்டி (லினக்ஸின் சேவை மேலாளர்) யூனிட்டாக ஓட விடுங்கள். தயார் என்று ஹெல்பர் நோட்டிஃபை சாக்கெட்டில் சொல்லும், கூடவே நிலை வரியையும் எர்நோவையும் அதிலேயே அனுப்ப இடம் இருக்கிறது.

இன்னொன்று. பாஸ்ட் பாதியில் செத்தால் கியூஎமு 7.2 முதல் "ஸ்ட்ரீம் துண்டிக்கப்பட்டது" என்று நிகழ்வு அனுப்பும், லிப்வர்ட் உடனே புது பாஸ்டைக் கிளப்பிவிடும். பயனருக்கு நல்லதுதான். ஆனால் பழையது ஏன் செத்தது என்பது எங்கும் பதிவாகாமல் போனால், தினமும் செத்துப் பிழைக்கும் ஹெல்பரை யாரும் கவனிக்க மாட்டார்கள். மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் காரணத்தோடு ஒரு வரி லாக்கில் விழ வேண்டும்.

---

தாழ்வாரம் எழுதியது:

கிளப்பும் முன்பே சோதிப்பதையும் விட்டுவிடாதீர்கள். விர்ட்ஐஓஎஃப்எஸ் பகிர்வு அடைவு இல்லையென்றால் லிப்வர்ட் இப்போது ஹெல்பரைத் தொடுவதற்கு முன்பே அடைவின் பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறது. அடிக்கடி வரும் ஒன்றிரண்டுக்கு இது போதும்.

---

குமிழ்விளக்கு எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். ஹெல்பரின் எஸ்டிடிஎரைப் பைப்பில் வாங்கி, நாங்கள் தொடர்ந்து படித்துக்கொண்டே இருப்போம். ஹெல்பர் முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று உட்கார்ந்தால், பைப்பின் 64 கேபி நிரம்பியதும் ஹெல்பர் எழுத முடியாமல் நிற்கும், நாங்கள் அது முடியக் காத்து நிற்போம், இரண்டும் அப்படியே உறைந்துவிடும். அதே மாதிரி, பைப்பின் முடிவு வரும்வரை படிப்பதும் ஆபத்து. பின்னணிக்குப் போன பேரப் பிராசஸ் எஸ்டிடிஎரை மூடாமல் வைத்திருந்தால் அந்த முடிவு வரவே வராது. அதனால் பிள்ளைப் பிராசஸ் முடிந்ததுமே, பைப்பில் அந்த நேரம் இருப்பதை மட்டும் தடையின்றிப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பிழை வாக்கியத்தின் வரிசை: ஹெல்பரின் பெயர், எப்படி முடிந்தது, அது சொன்ன கடைசி வரிகள் வடிகட்டி மேற்கோளுக்குள், கடைசியில் எங்கள் பக்கம் தெரிந்த சாக்கெட் பிழை.

சோதிக்க உண்மையான ஹெல்பர்களை உடைக்கத் தேவையில்லை. விஎம்மின் எக்ஸ்எம்எல்லிலேயே விர்ட்ஐஓஎஃப்எஸ்டியின் பாதையை மாற்றிக் கொடுக்க இடமிருக்கிறது. அங்கே சின்னச் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்களை வைத்தேன். ஒன்று இரண்டு வரி எழுதிவிட்டு 1 என்று வெளியேறும். ஒன்று ஒன்றுமே எழுதாமல் 0 என்று வெளியேறும். ஒன்று 100 கேபி குப்பையைக் கொட்டும். ஒன்று எஸ்டிடிஎரைத் திறந்தே வைத்துக்கொண்டு பின்னணியில் தூங்கும். கரிசல்பைட் சொன்ன பிறகு, தனக்குத் தானே சிக்னல் 31 அனுப்பிக்கொள்ளும் ஒன்றையும் சேர்த்தேன். இதில் 0 என்று வெளியேறும் ஸ்கிரிப்ட்தான் அதிகம் கஷ்டப்படுத்தியது. வெற்றிகரமாக முடிந்தது என்று எண்ணி நிரல் சாக்கெட் பிழைக்கே திரும்பிவிட்டது. முன்னணியில் இருக்க வேண்டிய ஹெல்பர் எந்த எண்ணோடு முடிந்தாலும் அது தோல்விதான் என்று இப்போது மாற்றிவிட்டேன்.

---

புதுவிஎம் எழுதியது:

லாக் முறையில் ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. கர்னல் லாக்கில் சிஸ்டம் கால் எண்ணோடு வரி வந்தது. விர்ட்ஐஓஎஃப்எஸ்டியின் புதுப் பதிப்பை நிறுவி, செக்காம்ப்பைப் பழையபடி மாற்றிவிட்டேன். பகிர்வு மவுண்ட் ஆகிறது. ஸ்கிரிப்டை எடுத்த பக்கத்திலும் டெவ்-நல்லை நீக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.